சுந்தரியின் குடம்

அத்தியாயம் 11

போன அத்தியாயத்தில் அலமாரியின் உச்சியில் ஏற்றி வைத்த மூன்று சின்ன பாட்டில்களை வாசகர்கள் மறந்திருக்கலாம். அருணாசலத்தின் வீட்டில் யாரும் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் அந்த வீட்டில் எல்லாரும் ஒழுங்காகத் தூங்கியிருப்பார்கள்.

பேரன் சிபிக்கு ஒன்றரை வயது. மழை தொடங்கியதிலிருந்து அவனுக்கு வயிற்றுப்போக்கு வருவதும் போவதுமாக இருந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றுகிற வரைக்கும் போய்விட்டது. வீடு திரும்பியவனைத் தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை. மருமகள் நந்திதா அன்றைக்கே சொல்லிவிட்டாள், குழந்தையோடு ஹவுராவில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போவதாக. "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் சொன்னாள். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்று அவள் கணவன் அசோக் கேட்கவில்லை. அவன் எதையுமே கேட்கிற ரகம் இல்லை. லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் பக்கத்தில் அவர்கள் நடத்தும் இட்லிக் கடையில் சட்னி மட்டும்தான் அவனிடம் தாராளமாகக் கிடைக்கும், பேச்சு கிடைக்காது.

அப்போதுதான் நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அருணாசலத்தின் மகள் அனன்யா அந்தப் பாட்டில்களைக் கொண்டு வந்தாள். அவளோடு வேலை பார்க்கும் ஜெய்ராம் குடியிருக்கும் அடுக்குமாடியில் தண்ணீரைச் சோதிப்பதற்காக வாங்கி வைத்திருந்தவை. தண்ணீரை ஊற்றி, மூடி, இரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கிருமி கலந்த தண்ணீர் என்றால் கறுத்துவிடும். இல்லாவிட்டால் அப்படியே இருக்கும்.

ஒன்றில் முற்றத்துக் குழாய்த் தண்ணீர். ஒன்றில் அடிபம்புத் தண்ணீர். ஒன்றில் வீட்டுக் குடத்துத் தண்ணீர். குழாய் கறுத்தால் நந்திதா கிளம்புவாள். கறுக்காவிட்டால் இருந்து பார்ப்பாள். இதுதான் பேச்சு.

இதில் அருணாசலத்தின் பாடுதான் வேடிக்கை. முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் குடியிருக்கும் மினதி மாஷியோடு, அதாவது மினதிச் சித்தியோடு, அவர் போன வாரம் பெரிய சண்டை போட்டிருந்தார். உன் பேரப்பிள்ளைகள் சாக்கடை ஓரம் உட்காருவதால்தான் குழாய்த் தண்ணீர் கெட்டு, என் பேரன் படுத்துவிட்டான் என்று ஊர் கேட்கக் கத்தியிருந்தார். குழாய் கறுத்தால் அவர் சொன்னது நிஜமாகும், ஆனால் சிபி போய்விடுவான். தான் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டு சனிக்கிழமை காலை அவர் எழுந்தார்.

*

குழாயில் தண்ணீர் நின்று வரிசை கலைந்திருந்தது. தெரு முனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அருணாசலம் சாக்கடை ஓரமாக மணையைப் போட்டு உட்கார்ந்து, கால்களை நீட்டி, கணுக்கால்களுக்கு நடுவே சிபியை உட்கார வைத்தார்.

"வரும் பாரு. இப்ப வரும் பாரு ரயிலு."

சிபி ரயில் பாதைப் பக்கம் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் கையைத் தட்டினான்.

அவர் மனைவி சுந்தரி செய்துவந்த வேலை இது. அசோக்கையும் அனன்யாவையும் இதே இடத்தில், இதே மணையில், தன் காலில்தான் உட்கார வைப்பாள். முக்குடா என்றெல்லாம் அவள் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. ரயிலைக் காட்டுவாள். லோக்கல் ரயில் தடதடத்துப் போய் முடிவதற்குள் காரியம் முடிந்துவிடும். ரயில் தாமதமான நாளில் பிள்ளைகளும் தாமதம். அன்றைக்கெல்லாம் ரயில்வேக்காரர்களைச் சுந்தரி திட்டுவது முற்றம் முழுக்கக் கேட்கும். அவள் தமிழில் திட்டுவாள், பெண்கள் வங்காளத்தில் சிரிப்பார்கள். மாத்ராஜி பௌதி என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். மதராஸ்கார அண்ணி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு மதராஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது, ஆனாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் போய் மூன்று வருடம் ஆகப் போகிறது. அருணாசலத்துக்கு இன்னமும் காலையில் அவள் குரல்தான் முதலில் கேட்கிறது. பேரனைக் காலில் உட்கார வைக்கும்போது மட்டும் அது சமாதானமாகக் கேட்கிறது.

ரயில் வந்தது. போனது. சிபியின் வயிறு இன்றைக்கும் சரியாக இல்லை. தண்ணீராகவே போனான்.

"பரவாயில்லடா ராசா. பரவாயில்ல."

அருணாசலம் குவளைத் தண்ணீரில் அவனுக்குக் கால் கழுவிவிட்டார். மிச்சத் தண்ணீரில் தன் கையை அலசிக்கொண்டார். வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார். தான் கக்கூசுக்குப் போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கால் முகம் எல்லாம் கழுவாமல் அவர் வீட்டுக்குள் நுழையமாட்டார். ஆனால் இது பச்சைப்பிள்ளையின் ஆய். பால் சோறு தின்கிற பிள்ளையிடம் என்ன அசிங்கம் இருக்கிறது?

பேரனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். மூலையில் பலகை மேல் குடம் இருந்தது. எவர்சில்வர் குடம். சுந்தரி கல்யாணச் சீராகச் சாக்கில் சுற்றி ரயிலேற்றிக் கொண்டுவந்தது. அகலக் கழுத்து. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கொத்தி 'சுந்தரி' என்று பெயர். பாத்திரக்கடைக்காரன் அவசரத்தில் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதை மட்டும் கொஞ்சம் மேலே தூக்கிக் கொத்தியிருந்தான். அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அருணாசலம் தினமும் தண்ணீர் எடுப்பார்.

டம்ளரை உள்ளே விட்டு முகந்தார். பேரனின் வாய்க்கு மேலே உயர்த்திப் பிடித்தார்.

"அண்ணாந்து குடிக்கணும். எச்சிப் பண்ணக் கூடாது. உங்க அப்பத்தா இருந்தா தொலைச்சுப்புடுவா."

வாசலில் நின்றிருந்த நந்திதா இதைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே இன்றைய குடிதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஒரு சொட்டுத் தண்ணீரையும் அவள் காய்ச்சாமல் குடத்தில் ஊற்றவில்லை.

*

அனன்யா பத்து மணி வாக்கில் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"பாத்தீங்களா அண்ணி?"

"நீயே வந்து பாரு. எங்களுக்குத் தைரியம் இல்ல."

நாற்காலியைப் போட்டு ஏறினாள். சுற்றி வைத்திருந்த துண்டைப் பிரித்தாள். அருணாசலம் சிபியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் நின்றார். ஜன்னலுக்கு வெளியே மினதி மாஷி துணி உலர்த்துவதுபோல் நின்றாள். உலர்த்துவதற்குக் கையில் துணி எதுவும் இல்லை.

"குழாய்த் தண்ணி நல்லா இருக்கு" என்றாள் அனன்யா.

அருணாசலத்துக்கு உயிர் வந்தது. சாமி கேட்டுவிட்டது.

"அடிபம்பும் நல்லா இருக்கு."

"நான்தான் அப்பமே சொன்னேனே" என்றார் அவர். அவர் சொன்னது நேர் எதிராக என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மூன்றாவது பாட்டிலை அனன்யா எடுத்தாள். நாற்காலியிலிருந்து இறங்கி, அதை மேஜையில் வைத்தாள். உள்ளே கறுப்பு. மை ஊற்றி வைத்ததுபோல் இருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் அவள் கையெழுத்திலேயே 'குடம்' என்று இருந்தது.

"மாத்தி ஒட்டியிருப்ப."

"இல்லப்பா. ஒட்டிட்டுதான் தண்ணியே ஊத்தினேன்."

"அப்ப பாட்டிலு பழசு. உங்க ஆபீசுக்காரன் ஏமாத்திட்டான்."

"அப்பா, மூணும் ஒரே டப்பாவுலேருந்து எடுத்தது." அனன்யா குழப்பத்தோடு நந்திதாவைப் பார்த்தாள். "காய்ச்சின தண்ணிதானே அண்ணி? காய்ச்சின தண்ணி எப்படிக் கறுக்கும்?"

நந்திதா வாயைத் திறப்பதற்குள் அருணாசலம் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாததைச் சொன்னார்.

"கொதி வந்துச்சா, வரலையான்னு யாரு பாத்தா? போனைப் பாத்துக்கிட்டே அடுப்புல வச்சா அப்படித்தான். அவ அத்தை இருந்த வரைக்கும் இந்தக் குடத்துத் தண்ணியக் குடிச்சு எந்தப் புள்ளைக்கும் ஒரு சளிகூடப் புடிச்சதில்ல."

நந்திதா அடுப்பை அணைத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். சிபியின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி."

"சாயங்காலம் கௌஷிக் வரான். எப்படியும் வரச் சொல்லித்தான் இருந்தேன்." கௌஷிக் அவள் தம்பி. "நான் அவன்கூடப் போயிடறேன் அனன்யா. யாரு மேலயும் கோவம் இல்ல."

கோபம் இல்லை என்று இவ்வளவு நிதானமாகச் சொல்கிறவர்களைத் தடுத்து நிறுத்துவது கஷ்டம். அனன்யாவுக்கு அது தெரியும். அண்ணனைக் கடையிலிருந்து அழைத்து வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

*

வீட்டில் அருணாசலமும் நந்திதாவும் சிபியும்தான். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். ஒருத்தி பையைப் பார்த்தாள்.

அருணாசலத்துக்குத் தான் சொன்னது உறுத்தியது. நந்திதா ஹவுராவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். கோபம் வந்தால் வங்காளம்தான் முதலில் வரும். கல்யாணமாகி வந்த புதிதில் சுந்தரிக்கும் அவளுக்கும் அதை வைத்தே ஓயாத கேலி. ஒருத்தி வங்காளத்தைத் தமிழாக்கிப் பேசுவாள், மற்றவள் தமிழை வங்காளமாக்குவாள், நடுவில் சோறு ஆறிப்போகும். கடைசி நாட்களில் சுந்தரியின் தலையைச் சீவிப் பின்னிவிட்டவள் இந்தப் பெண்தான். அவளைப் போய்ச் சொன்னோமே என்று நினைத்தார். சொன்னதைத் திரும்ப வாங்க அவருக்குத் தெரியவில்லை. வீட்டு ஆண்களுக்கு அந்தப் பழக்கத்தை யாரும் ஏற்படுத்திவிடவில்லை.

அப்போது சிபி சிணுங்கினான். கால்சட்டை நனைந்திருந்தது.

"இருங்க மாமா, நான் பாக்கறேன்."

"நீ அடுக்கு தாயி. நான் கழுவி விடறேன். போற வரைக்குமாவது நான் செய்யறேன்."

மறுபடி மணை. மறுபடி கால். இந்தத் தடவை ரயில் இல்லை. சிபி களைத்துப்போய்த் தாத்தாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அருணாசலம் குவளைத் தண்ணீரில் கழுவிவிட்டார், கையை அலசினார், வேட்டியில் துடைத்தார். குழந்தை தண்ணி, தண்ணி என்றது.

"தரேன்டா. தரேன்."

குடத்தின் முன் குனிந்தார். தூக்கி எழுதிய அந்த எழுத்தைத் தொட்டார். டம்ளரை உள்ளே விட்டார்.

பாதிக் குடம்தான் இருந்தது. டம்ளர் தண்ணீரைத் தொடுவதற்குக் கை மணிக்கட்டு வரை உள்ளே போக வேண்டியிருந்தது. விரல்கள் நாலும் தண்ணீருக்குள் இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில், தெளிந்த தண்ணீரில், நகங்கள் வரைக்கும் தெரிந்தன. ஒரு நகத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

கையை எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அப்படியே குனிந்து நின்றார். குழாய் நல்ல குழாய். காய்ச்சியதும் சரியாகவே காய்ச்சியது. குடம் சுந்தரியின் குடம். அதற்குள் புதிதாகப் போனது ஒன்றே ஒன்றுதான்.

"நந்திதா."

குரல் மாறியிருந்ததால் அவள் உடனே எழுந்து வந்தாள்.

"என் கைதான் தாயி."

நந்திதா குடத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். குழந்தையை அவர் இடுப்பிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"தெரியும் மாமா."

"தெரியுமா?"

"ஆஸ்பத்திரியில இருந்தப்பவே தெரியும். டாக்டர் கை சுத்தம், கை சுத்தம்னு சொல்றப்ப எனக்கு உங்க கைதான் ஞாபகம் வந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது?" அவள் கண்ணில் நீர் கோத்தது. "அத்தை போனப்புறம் நீங்க சிரிச்சுப் பாத்ததே இவனைக் கால்ல உட்கார வச்சிருக்கறப்பதான். உங்ககிட்டப் போய், மாமா, கையக் கழுவுங்கன்னு… எனக்கு வாய் வரல. மரியாதை போயிடும்னு பயந்தேன். தண்ணியக் காய்ச்சினா சரியாயிடும்னு காய்ச்சிக் காய்ச்சி ஊத்தினேன். சரியாகல. அதான் ஹவுரா போறேன்னேன். உங்ககிட்டச் சொல்றதை விட அது சுலபமா இருந்துச்சு."

குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு அவளே மெதுவாகச் சேர்த்தாள்.

"என் புள்ளை வயித்தை விட எனக்கு உங்க மரியாதை பெருசாப் போச்சு மாமா. அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறல."

அருணாசலம் கையை வெளியே எடுத்தார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்தது. மருமகள் முன்னால் அழுதது அன்றைக்குத்தான்.

*

குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். தண்ணீரைக் கவிழ்த்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தார். வலது தோள் இறுகிப்போய் வருடக்கணக்காகிவிட்டது. கடையில் காலமெல்லாம் மாவாட்டிய தோள் அது. ஒரு கையால் குடத்தின் அடிவயிறு வரை எட்டவில்லை.

மினதி மாஷி வந்து எதிரில் நின்றாள். சண்டைக்குப் பிறகு இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தது இப்போதுதான்.

"பாட்டில் கறுத்துப் போச்சாமே" என்றாள் வங்காளத்தில். இந்த முற்றத்தில் சுவர்கள் மெல்லியவை.

"குழாய்த் தண்ணி இல்ல. எங்க குடம். என் கையால கெட்டது." அருணாசலம் தலையைத் தூக்காமல் அவளுடைய மொழியிலேயே சொன்னார். "உன் பேரப்பிள்ளைங்களைச் சொன்னது தப்பு, மினதி. எல்லார் முன்னாலயும் சொன்னேன். எல்லார் முன்னாலயும் வேணும்னாலும் சொல்றேன், தப்புன்னு."

குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திக் கேட்டார்கள். மினதி மாஷி அவர்களை முறைத்ததும் மறுபடி தேய்த்தார்கள். பிறகு அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கையால எப்படிக் கெடும்?"

"டம்ளரை விட்டு மொள்ளுறப்ப."

"டம்ளரை விட்டா?" அவள் நிஜமாகவே திகைத்தாள். "இதுக்குள்ளயா? பௌதி யாரையும் இதுக்குள்ள கை விட விடமாட்டாளே."

"எச்சிப் பண்ணக் கூடாதும்பா. அதை நான் இன்னைக்கு வரைக்கும் விடல."

"அது வாய்க்கு. நான் கையைச் சொல்றேன்." மினதி மாஷி காலியான குடத்தைத் தூக்கி, இடது காலை மடக்கி, முழங்காலின் மேல் வைத்துக் கழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டினாள். "இப்படித்தான் ஊத்துவா. எப்பவும் இப்படித்தான். என் பெண் சின்னவளா இருந்தப்ப ஒரு தடவை தாகத்துல கிண்ணத்தை உள்ளே விட்டுட்டா. முழுக் குடத்தையும் இந்தக் கல்லுல கொட்டிட்டு, ஒரு வார்த்தை திட்டாம, மறுபடி வந்து வரிசையில் நின்னா. கோடைக்காலம். வரிசை தெரு வரைக்கும் இருந்துச்சு. எனக்கு அவமானமாப் போச்சு."

அருணாசலம் அவள் முழங்காலையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் பாத்ததில்லையே."

"நீங்க எப்படிப் பார்த்திருப்பீங்க, அண்ணா? உங்க கைக்குத்தான் டம்ளர்ல வந்துடுமே."

அவள் குத்திக் காட்டவில்லை. இருந்ததைச் சொன்னாள். அதனால்தான் அது ஆழமாக இறங்கியது.

சுந்தரியின் நடை ஞாபகம் இருந்தது. அவள் திட்டு ஞாபகம் இருந்தது. குழாய் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி வடிப்பாளே, அது ஞாபகம் இருந்தது. குடத்தில் எந்த எழுத்து மேலே ஏறியிருக்கிறது என்பது இருட்டிலும் தெரியும். ஆனால் இத்தனை வருடக் குடித்தனத்தில் தனக்கு ஒரு வாய்த் தண்ணீரை அவள் எப்படி எடுத்தாள் என்று அவருக்குத் தெரியாது. தாகம் என்றால் கையை நீட்டுவார். டம்ளர் வந்துவிடும். அவள் போன மறுநாள் முதல்முறையாகத் தானே குடத்தின் முன் போய் நின்று, டம்ளரை உள்ளே விட்டிருக்கிறார். அதைத் தவறென்று சொல்ல வேண்டியவள் படத்தில் மாலையோடு இருந்தாள்.

"நல்லாத் தேய்ச்சுட்டேன். எடுத்துக்கங்க" என்று மினதி மாஷி எழுந்தாள். வழக்கமாக ஒரு சமாதானத்துக்குப் பிறகு உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவள், இன்றைக்கு அவசரப்பட்டாள். "துளி காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. சோர்ந்து சோர்ந்து படுக்கிறா. போய்ப் பாக்கணும்."

துளி அவளுடைய கடைசிப் பேத்தி. சிபியை விட இரண்டு மாதம் மூத்தவள்.

*

பொழுது சாயும்போது வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். அசோக் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றான். விஷயத்தைக் கேட்டதும் அவன் செய்த ஒரே காரியம், வாசலில் ஆணியடித்து ஒரு சோப்புப் பெட்டியை மாட்டியதுதான். பேசத் தெரியாதவனுக்கு அது பெரிய பேச்சு. அனன்யா குடத்தில் காய்ச்சி ஆறிய தண்ணீரை நிரப்பி வைத்திருந்தாள்.

அருணாசலம் வாசலுக்குப் போய்ச் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நக ஓரம் எல்லாம் தேய்த்துக் கழுவினார். கையை உதறி உலர்த்திக்கொண்டு உள்ளே வந்து குடத்தின் முன் உட்கார்ந்தார். இடது காலை மடக்கினார். குடத்தை முழங்காலுக்கு ஏற்ற முயன்றபோது தோள் சுரீர் என்றது.

"நான் எடுத்துத் தரேன் மாமா."

"வேணாம். நீ டம்ளரைப் பிடி."

சாய்த்தார். முதல் தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது. அடுத்தது தரையில். பிறகு டம்ளரில் விழுந்தது. அசோக் கிட்டே வரப் பார்த்தான். அனன்யா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நந்திதா டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கில்ல. உனக்குத்தான். குடி தாயி."

அவர் வாழ்க்கையில் குடத்தைச் சாய்த்து இன்னொருவருக்காக ஊற்றிய முதல் டம்ளர் தண்ணீர் அதுதான், அந்தக் குடத்திலிருந்து அவர் பிழையில்லாமல் எடுத்ததும் அதுதான். நந்திதா அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். சுந்தரி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த அதே மாதிரி.

"காலைல நான் சொன்னது…" என்று ஆரம்பித்தார் அருணாசலம்.

"விடுங்க மாமா."

"விடறதுக்கில்ல. தப்பு. பெரிய தப்பு."

நந்திதா தலையை ஆட்டினாள். ஆனால் கதவோரம் வைத்திருந்த பையை அவள் தொடவில்லை. அருணாசலம் பையைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"கௌஷிக் வரட்டும் மாமா" என்றாள். போகிறேன் என்றும் அதற்கு அர்த்தம் இல்லை, இருக்கிறேன் என்றும் இல்லை.

அந்த நேரத்தில்தான் வாசல் கதவைப் புறங்கையால் தட்டிக்கொண்டு மினதி மாஷி நின்றாள். தோளில் துளி கிடந்தாள். தலை தொங்கியிருந்தது. உதடு காய்ந்திருந்தது.

"நந்திதா, ஆஸ்பத்திரியில உனக்கு அந்த உப்பு சர்க்கரைப் பொடி பாக்கெட் கொடுத்தாங்களே, ஓஆர்எஸ், ஒண்ணு இருக்கா? மத்தியானத்துலேருந்து தண்ணியாப் போகுது. கடையில இப்பத் தீர்ந்துடுச்சாம். இவ அப்பன் டாக்ஸி பார்க்கப் போயிருக்கான்."

அருணாசலத்தின் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்கு வெளியே போனது. அங்கே அவருடைய மணை இன்னும் சாக்கடை ஓரமாகவே கிடந்தது. தினமும் காலையில் பேரனைக் கழுவிவிட்ட தண்ணீர் இறங்குகிற சாக்கடை. மழை பெய்தால் மேலேறி வழிகிற சாக்கடை. அது இந்த வாசலிலிருந்து எந்த வாசல் பக்கமாக ஓடுகிறது என்று இத்தனை நாளில் அவர் ஒருமுறையும் யோசித்ததில்லை. இப்போது பார்த்தார். துளி உட்கார்ந்து விளையாடுகிற படிக்கட்டு அதன் மறுமுனையில் இருந்தது. யார் பிள்ளையால் யார் பிள்ளைக்கு என்று ஊர் கேட்கக் கத்திய வாய் அவருடையது.

நந்திதா யோசிக்கவில்லை. பையை நடுக்கூடத்துக்கு இழுத்து, மண்டியிட்டு, ஜிப்பைத் திறந்தாள். பாக்கெட்டுகள் அடியில் இருந்தன. சிபியின் சட்டைகள், தன் புடவைகள், துண்டு, மருந்துச் சீட்டு என்று காலையில் அடுக்கிய எல்லாவற்றையும் அள்ளி அள்ளித் தரையில் போட்டாள். ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள்.

"தண்ணி, மாமா. ஒரு லிட்டர். சீக்கிரம்."

அருணாசலம் எழுந்தார். குடத்துக்குப் போகவில்லை. வாசலுக்குப் போய், மகன் மாட்டிய சோப்பை எடுத்து மறுபடி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு காலை மடக்கிக் குடத்தை முழங்காலில் ஏற்றினார். இந்தத் தடவை ஒரு சொட்டும் கீழே போகவில்லை.

கட்டிலில் நந்திதாவின் போன் அடித்தது. கௌஷிக் ஸ்டேஷனில் இறங்கிவிட்டான் போலிருக்கிறது. காலியான பையும் சிதறிய துணிகளுமாக எல்லாரும் துளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.